பூவரசங்கட்டையில் பித்தளை மீன்: நான்கு ஆண்டு அனுபவம்

காகித இலக்கில் சுட்டுப் பழகும் என் ஏர் ரைஃபிளுக்குக் கீழக்கரை ஆசாரி ஒருவர் பூவரசின் வைரம் பாய்ந்த உள்மரத்தில், தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டையைச் செதுக்கித் தந்தார். அதில் 1.5 மில்லிமீட்டர் பித்தளைத் தகடுகள் மூன்றை நானே பதித்தேன்: ஒரு கயல், ஒரு சங்கு, கைப்பிடியைச் சுற்றிக் குறுக்காக ஓடும் ஒரு பட்டை. மீனும் சங்கும் இன்றும் நகம் நுழைய இடம் தருவதில்லை. பட்டையைப் போன கார்த்திகையில் கழற்றிவிட்டேன்.

முதல் ஐப்பசி மழையிலேயே அது முனை தூக்கியது. ஈரத்தில் மரம் ஊதுவது குறுக்குவாட்டில்தான். நீளவாட்டில் அசைவு மிகக் குறைவு. பித்தளைக்கு அந்தக் கவலையே இல்லை. பங்குனி வெயிலில் மரம் மறுபடி சுருங்கும். இந்த இழுபறியில் பசை விட்டது. சிற்றாணி அடித்தேன், மரம் மயிரிழையாக வெடித்தது. இழைக்குக் குறுக்கே தகடு வேண்டாம், அதுவும் கட்டை மெலிந்த இடத்தில் வேண்டவே வேண்டாம் என்று ஆசாரி முன்பே சொல்லியிருந்தார். அழகு கண்ணை மறைத்தது.

மீனுக்கு மட்டும் புத்தியோடு நடந்துகொண்டேன். காகிதத்தில் வெட்டி, கன்னம் படாத வலப்பக்கத்தில் கஞ்சியால் ஒட்டி ஒரு வாரம் பார்த்தேன். மேசையில் நேராகத் தெரிந்த மீன், தோளில் வைத்ததும் தலை கவிழ்ந்து நின்றது! குழலுக்கு இணையாகத் திருப்பிய பிறகே சரியானது.

தகட்டை மங்கிய சிவப்பு வரக் காய்ச்சி, ஆறியபின் கட்டையின் வளைவுக்கு வளைத்து, அதற்குப் பிறகுதான் அதை மரத்தில் வைத்துச் சுற்றிக் கத்தி முனையால் கோடு கீறி, கோட்டுக்குள் குழி குடைந்தேன். தகட்டின் விளிம்பை அடிப்பக்கம் துளி சிறுக்குமாறு அரத்தால் ராவினேன். அடியை மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காட்டிக் குழியில் அழுத்தி எடுத்தால், கரி ஒட்டிய இடமெல்லாம் மேடு. அதை மட்டும் உளியால் சீவ வேண்டும். 30 தடவைக்கு மேல் வைத்து எடுத்திருப்பேன். வால் பிளவில் அரிசியளவு மரம் பெயர்ந்தது. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன். தெரியாது என்று நினைத்தேன், தெரிகிறது.

உப்புத்தாளை விரலால் தேய்க்காதீர்கள்; மரம் பள்ளமாகித் தகடு மேடாக நிற்கும். சிறு மரத்துண்டில் சுற்றித் தேய்க்க வேண்டும்.

இங்கே கடற்காற்றில் பத்து நாள் கவனிக்காவிட்டால் விளிம்பில் களிம்பு ஏறிவிடுகிறது. குத்துவிளக்கு நினைப்பில் ஒருமுறை புளி போட்டுத் துலக்கிச் சங்கைச் சுற்றிக் கறை வாங்கிக்கொண்டேன். இப்போது உலர்ந்த துணி, பிறகு லேசாகத் தேன்மெழுகு, அவ்வளவுதான்.

பட்டை இருந்த பள்ளத்தில் இழை ஒத்துப்போகும்படி பூவரசஞ் சிம்பை ஒட்டியிருக்கிறேன். வரும் ஐப்பசி தாண்டட்டும், பார்க்கலாம்.