மசாலா பிஸ்கட்டா, தட்டுவடையா?

சேலத்தில் சாயங்காலம் கொறிக்க ஏதாவது வேண்டுமென்றால் கை முதலில் தட்டுவடை டப்பாவுக்குத்தான் போகும். என் சமையலறையில் இப்போது அதன் பக்கத்தில் இன்னொரு டப்பாவும் இருக்கிறது. கடையில் வாங்கிய உப்பு பிஸ்கட்டில் எண்ணெயும் மசாலாவும் பிசறிச் சூடுகாட்டி எடுத்தது. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

வேலை என்று பார்த்தால் பிஸ்கட்டுக்குப் போட்டியே இல்லை. 200 கிராம் பிஸ்கட்டுக்கு 3 டேபிள்ஸ்பூன் கடலை எண்ணெய், ஒரு டீஸ்பூன் கொரகொரப்பான மிளகு, அரை டீஸ்பூன் பூண்டுப் பொடி, கொஞ்சம் மிளகாய்த்தூள், சிட்டிகை பெருங்காயம். பிஸ்கட்டிலேயே உப்பு இருப்பதால் தனியாகப் போட வேண்டாம். எண்ணெயில் மசாலாவை முதலில் கலக்கி, பிஸ்கட்டில் ஊற்றி, உடையாமல் புரட்டிக் கால் மணி நேரம் விடுங்கள். எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். பிறகு ஓவனில் 120 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிவிட வேண்டும். ஓவன் இல்லையா? கனமான தோசைக்கல்லில் ஒரே அடுக்காகப் பரப்பிச் சிறு தீயில் வாட்டலாம். வடச்சட்டியில் கிளறினால் பாதி நொறுங்கிவிடும், அடியில் இருப்பது கருகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: ஈரம். மணமாக இருக்குமே என்று ஒருமுறை பச்சைப் பூண்டை நசுக்கிப் போட்டேன். அதில் இருந்த நீரைக் குடித்து மொத்த பிஸ்கட்டும் நமுத்துப்போனது. கறிவேப்பிலை போட ஆசையென்றால் மொறுமொறுவென்று பொரித்து, நொறுக்கித் தூவுங்கள்.

தட்டுவடைக்கு இரண்டு கப் அரிசி மாவு, கால் கப் பொட்டுக்கடலை மாவு, ஒரு ஸ்பூன் வறுத்த உளுந்து மாவு, வெண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு, ஊறவைத்து வடித்த கடலைப்பருப்பு. துணியில் மெல்லிசாகத் தட்டி, முள்கரண்டியால் குத்தி வைக்க வேண்டும். குத்தாவிட்டால் பூரி மாதிரி உப்பிவிடும், உள்ளே வேகாது. எண்ணெயில் சலசலப்பு அடங்கும்வரை பொறுமை வேண்டும். ஒரு மணி நேரமாவது அடுப்படியில் நிற்க வேண்டிய வேலை.

ஆனால் சுவையில் என் ஓட்டு தட்டுவடைக்குத்தான். அதில் காரம் மாவுக்குள்ளேயே இருக்கிறது, நடுவில் கடலைப்பருப்பு கடிபடுகிறது. பிஸ்கட்டில் மசாலா மேலோடு சரி, கடித்த பிறகு மைதா ருசிதான் நாக்கில் நிற்கும்.

அப்புறம் செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னி தடவி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம் வைத்துக் கொடுப்பது எங்கள் ஊர் அடையாளம். அதையே உப்பு பிஸ்கட்டில் செய்து பார்த்தேன். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் தொய்ந்துவிட்டது. பீட்ரூட் ஈரத்தைத் தாங்கும் திடம் அரிசி மாவுக்குத்தான் உண்டு. வீட்டில் செட் போடுவதென்றால் பிஸ்கட்டை நினைக்கவே வேண்டாம்.

ஜவ்வரிசி வடாமையும் இந்தப் போட்டியில் சேர்க்கலாம்தான். ஜவ்வரிசிக்குப் பேர்போன ஊர் ஆயிற்றே. ஆனால் அது சித்திரை வெயிலை நம்பிய பண்டம், நினைத்த அன்று செய்ய முடியாது.

ஏற்காட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனால் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. பனி இறங்கும் நாட்களில் திறந்து வைத்த எந்தப் பண்டமும் சீக்கிரமே நமுத்துவிடும். மசாலா பிஸ்கட்டை அதே 120 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் வைத்து ஆறவிட்டால் பழைய மொறுமொறுப்பு வந்துவிடுகிறது. அக்கா பக்கத்துக் காப்பித் தோட்டத்து மிளகை அப்போதைக்கப்போது இடித்துப் போடுவார். அந்தக் காரத்துக்கு, பனிக்கால மாலையில் கட்டங்காப்பியோடு, பிஸ்கட்டைத்தான் நானும் முதலில் எடுப்பேன்.