கரண்ட் போனால் எது தாங்கும்: எக்ஸ்ட்4-ஆ, எக்ஸ்எஃப்எஸ்-ஆ?

எக்ஸ்ட்4 (ext4), எக்ஸ்எஃப்எஸ் (XFS) இரண்டும் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டம்கள். ஒற்றை டிஸ்க், யுபிஎஸ் இல்லாத லினக்ஸ் மெஷின் என்றால் எக்ஸ்ட்4 போடுங்கள். இந்த அளவில் வேக வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பகுதி, இரண்டிலும் உண்டு. இனோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் அதன் அளவு, இடம் போன்ற விவரங்களை வைத்திருக்கும் பதிவு), டைரக்டரி மாற்றங்கள் முதலில் அதில் ஏறும், கமிட் ஆனபின்தான் (முழுசாகப் பதிந்தது என்று குறித்த பிறகுதான்) உரிய இடத்துக்குப் போகும். பாதியில் கரண்ட் போனால், அடுத்த மவுண்டில் (டிஸ்க்கைச் சிஸ்டத்தோடு இணைக்கும்போது) கமிட் ஆனதை மறுபடி ஓட்டும், ஆகாததை விட்டுவிடும். ஆனால் ஃபைலுக்குள் இருக்கும் டேட்டாவுக்கு இது உத்தரவாதம் இல்லை. பலர் ஏமாறுவது இங்கேதான்.

எக்ஸ்ட்4 முந்துவதும் இங்கேதான். இயல்பான ஆர்டர்டு மோடில், ஃபைலுக்குப் புதிதாக ஒதுக்கிய பிளாக்கில் (டிஸ்க்கின் சிறு துண்டில்) டேட்டா எழுதி முடித்த பிறகே அதற்கான மெட்டாடேட்டா (இனோடு, டைரக்டரி விவரங்கள்) கமிட் ஆகும். ஒரு புரோகிராம் செட்டிங்ஸைத் தற்காலிக ஃபைலில் எழுதி, எஃப்சிங்க் (டேட்டாவை உடனே டிஸ்க்கில் எழுதச் சொல்லும் கட்டளை) கொடுக்காமலே பழைய பெயருக்கு ரீநேம் செய்கிறது என்று வையுங்கள். டேட்டா பிளாக் ஒதுக்கப்படாமல் இன்னும் ரேமில் இருக்க, பெயர் மாற்றம் மட்டும் ஜர்னலில் ஏறிவிட்டால் மிஞ்சுவது 0 பைட் ஃபைல். 2009-ல் எக்ஸ்ட்4 மீதும் இதே புகார் எழுந்தது. கெர்னல் 2.6.30-லிருந்து ரீநேம் நேரத்திலேயே பிளாக்கை ஒதுக்கிவிடுவதால், பழையதோ புதியதோ ஒன்று முழுசாகக் கிடைக்கும். எக்ஸ்எஃப்எஸ் ரீநேமுக்கு இந்தச் சலுகை தருவதில்லை. எஃப்சிங்க் கொடுப்பது புரோகிராம் எழுதியவர் பொறுப்பு என்பது அதன் கட்சி. கொள்கையாக அது சரிதான், ஆனால் எல்லாரும் கொடுப்பதில்லையே!

ரிப்பேரிலும் அப்படித்தான். ஜர்னலில் பாக்கி இருந்தால் எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர் கருவி ஓட மறுக்கும். ஒருமுறை மவுண்ட் செய்து, அன்மவுண்ட் செய்துவிட்டு ஓட்ட வேண்டும். மவுண்டே ஆகவில்லை என்றால் மைனஸ் எல் போட்டு ஜர்னலை அழிக்க நேரும், பாக்கி மாற்றங்களும் அதோடு போய்விடும். அதற்கு முன் டிஸ்க்கை முழுசாக நகலெடுத்துவிடுங்கள். எக்ஸ்ட்4-ன் சோதனைக் கருவி ஜர்னலைத் தானே ஓட்டிவிட்டுத்தான் சோதிக்கத் தொடங்கும்.

எக்ஸ்ட்4-ல் உறுத்துவது இனோடு கணக்கு. வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று என்று ஃபார்மேட்டிலேயே முடிவாகிவிடும். பொடிப்பொடி ஃபைல்கள் குவிந்தால், டிஸ்க்கில் இடம் இருந்தும் இடமில்லை என்று எரர் வரும். எக்ஸ்எஃப்எஸ் தேவைக்கேற்ப இனோடு உண்டாக்கிக்கொள்ளும். பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு, பத்துக்கணக்கில் டெராபைட் என்றால் இந்தப் பரிந்துரை அப்படியே பொருந்தாது. ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 2014-ல், 7ஆம் பதிப்பில், எக்ஸ்எஃப்எஸ்-ஐயே இயல்பான ஃபைல் சிஸ்டமாக்கியது.

எக்ஸ்ட்4 எடுத்தவர்கள் மவுண்ட் ஆப்ஷனில் நோபேரியர் இருந்தால் உடனே நீக்குங்கள். டிஸ்க் கேஷ் சரியான வரிசையில் எழுதுவதை உறுதிசெய்யும் காப்பை அது அணைத்துவிடும். ஜர்னல் பிளாக்குகளுக்கு முன்பே, கமிட் முடிந்தது என்று குறிக்கும் கமிட் ரெக்கார்டை டிஸ்க் கேஷ் எழுதிவிட்டால் ஜர்னலையே நம்ப முடியாது.