புதன்கிழமை விடுப்பும் நான்கு நீரோரக் கடைத்தொகுதிகளும்

எனக்கு வார விடுப்பு பெரும்பாலும் புதன்கிழமையில்தான் விழும். ஊரே வேலைக்குப் போயிருக்கும் நாளில் எங்காவது தண்ணீரோரம் போய் உட்கார்ந்துவிட்டு வருவது எனக்குப் பெரிய ஓய்வு. கூடவே அம்மாவும் வருவார். நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒரு வாரம் தண்ணீரைப் பார்க்காவிட்டால் முகமே வாடிவிடும். ஆனால் முழங்கால் வலி. மணலில் நடக்க முடியாது, வெயிலில் நிற்க முடியாது, கழிப்பறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்காவை இதனால்தான் கைவிட்டோம். மிஞ்சியவை தண்ணீரோரம் கட்டிய கடைத்தொகுதிகள். குளிர்ச்சி உண்டு, மின்தூக்கி உண்டு, மழை வந்தால் உள்ளே போய்விடலாம்.

இங்கே அப்படிப்பட்ட இடங்களுக்குக் குறைவில்லை. நாங்கள் திரும்பத் திரும்பப் போனவை நான்கு: ஹார்பர்ஃபிரண்டில் விவோசிட்டி, மரினா பே சேண்ட்ஸ் கடைத்தொகுதி, ஸ்டேடியம் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தை ஒட்டிய காலாங் வேவ், பொங்கோலில் வாட்டர்வே பாயிண்ட். செந்தோசா உல்லாசத் தீவின் 'செந்தோசா கோவ்' என்ற பகுதியில் இருக்கும் கீசைட் ஐலும் அமைதியான இடம்தான். ஆனால் அங்கே இருப்பவை பெரும்பாலும் உணவகங்கள். சாப்பிடப் போகிறவர்களுக்குச் சரி, சும்மா உட்காரப் போகிற எங்களுக்கு ஒத்துவரவில்லை. அதனால் இங்கே சேர்க்கவில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "கூட்டமே இருக்காது, போய் வாருங்கள்" என்று யாராவது ஓர் இடத்தைச் சொன்னால், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்காமல் நான் கிளம்புவதில்லை. புதன்கிழமை காலை வெறிச்சோடிக் கிடக்கும் அதே இடம் ஞாயிறு மாலை தேர்த்திருவிழா போல இருக்கும். ஆகவே கீழே இடத்தோடு நேரத்தையும் சேர்த்தேதான் ஒப்பிட்டிருக்கிறேன்.

எது கடல், எது ஏரி

முதல் தடவை காலாங் படுகையோரம் உட்கார்ந்தபோது அம்மா இரண்டு மூன்று முறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உப்பு வாசமே காணோமே?" என்றார்.

சரியாகத்தான் பிடித்தார். 2008-ல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு மரினா விரிகுடாவும் காலாங் படுகையும் கடலோடு கலப்பதில்லை. உப்பு மெல்ல மெல்ல வெளியேறி, இப்போது அது நன்னீர்த் தேக்கம். தீவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை அங்கேதான் வந்து சேருகிறது. மரினா பே சேண்ட்ஸ் முன்னால் விளக்கொளியில் மினுங்குவதும் அதே தண்ணீர்தான். பொங்கோல் நீர்வழி 2011-ல் திறக்கப்பட்ட 4.2 கிலோமீட்டர் கால்வாய், முழுக்க மனிதர் வெட்டியது. பொங்கோல் நீர்த்தேக்கத்தையும் சிராங்கூன் நீர்த்தேக்கத்தையும் அது இணைக்கிறது. ஆக, இந்த நான்கில் உண்மையான கடலைப் பார்த்து நிற்பது விவோசிட்டி ஒன்றுதான்.

ஓய்வுக்குப் போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. தேக்கத்தில் கடலைப் போல ஏற்ற இறக்கம் கிடையாது, சேற்று வாடை கிடையாது. காற்று நின்ற மாலையில் எதிர்க்கட்டடத்தின் ஒவ்வொரு ஜன்னலும் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். கடல் அப்படிச் சும்மா இருக்காது. அசையும், மோதும், படகுகள் வந்து கலக்கிவிட்டுப் போகும். எனக்கு முதல் வகை பிடிக்கும், அம்மாவுக்கு இரண்டாவது. எங்கள் வீட்டில் எந்த இடத்துக்குப் போவது என்ற பேச்சு பாதிக்கு மேல் இதில்தான் நிற்கும்.

விவோசிட்டி: காலை பத்து மணிக்கு ஒரு முகம், ஐந்து மணிக்கு வேறு முகம்

2006-ல் திறந்தது. வடிவமைத்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் டோயோ இட்டோ. கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசை 2013-ல் பெற்றவர். வெளிச்சுவர் முழுதும் அலை போல வளைந்து வளைந்து போகும். கடைப்பரப்பு பத்து லட்சம் சதுர அடிக்கும் மேல், சிங்கப்பூரின் மிகப் பெரிய கடைத்தொகுதி அது. அப்படிப்பட்ட இடத்தில் அமைதியா என்று யாரும் கேட்பார்கள். நானும் அப்படித்தான் ஒதுக்கி வைத்திருந்தேன்.

கூட்டம் எங்கிருந்து வருகிறது என்று கவனித்த பிறகு அபிப்பிராயம் மாறியது. செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில் மூன்றாம் தளத்திலிருந்து புறப்படுகிறது. செந்தோசாவுக்குப் போகிற குடும்பங்கள் எம்ஆர்டியில் இறங்கி, கடைத்தொகுதியின் நடுவே மேலே ஏறிப் போகின்றன. பக்கத்திலேயே இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போகும் படகுத்துறை வேறு. வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் இந்த எல்லா ஓட்டமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். வேலை நாளில் காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை அந்த ஓட்டம் மெல்லியதாக இருக்கும். பன்னிரண்டு அடித்ததும் சுற்றுவட்டார அலுவலகங்களிலிருந்து சாப்பாட்டுக்கு ஆட்கள் இறங்குவார்கள். அதற்குள் நாங்கள் எங்கள் இடத்தைப் பிடித்திருப்போம்.

எங்கள் இடம் கீழ்த்தள நீரோர நடைபாதை. மேலே மூன்றாம் தளத் திறந்தவெளியில் ஆழமில்லாத குளமும் அழகுதான், பிள்ளைகள் கணுக்கால் தண்ணீரில் ஓடி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் பதினோரு மணிக்கு மேல் அங்கே வெயில் கண்ணைக் கூசும். கீழே நிழல் கிடைக்கும். எதிரே செந்தோசா, தலைக்கு மேலே தூரத்தில் கேபிள் கார் பெட்டிகள். ஒரு படகு கடந்து போனால் அதன் அலை உடனே வராது. படகு பார்வையிலிருந்து விலகி, நாம் வேறு பேச்சுக்குப் போன பிறகுதான் வந்து சுவரில் தட்டும். தளக்... தளக்... மூன்று, நான்கு தட்டு. அப்புறம் மெல்ல அடங்கும். அம்மா இதை எண்ணுவார். "இதுக்கு ஏழு" என்பார், பெரிய படகாக இருந்தால்.

கால் ஒத்துழைக்கும் நாளில் செந்தோசா பாலநடைபாதையில் பாதி தூரம் போய்த் திரும்புவோம். 2011-ல் திறந்தது, நடந்து போகக் கட்டணம் இல்லை. வழியில் நகரும் நடைபாதையும் கூரையும் இருப்பதால் முழங்கால் வலிக்காரர்களுக்கும் பயமில்லை.

மரினா பே சேண்ட்ஸ்: பார்க்க வேண்டிய இடம்

விருந்தாளி வந்தால் இங்கே கூட்டிக்கொண்டு போகாமல் இருக்க முடியாது. மோஷே சாஃப்டி வடிவமைத்த மூன்று கோபுரங்கள், 280 மீட்டர் நீள ஹீலிக்ஸ் பாலம், 2020-லிருந்து தண்ணீரில் மிதக்கும் கண்ணாடிக் கோளமாக ஆப்பிள் கடை. இரவு 8 மணிக்கும் 9 மணிக்கும் நீரும் ஒளியும் சேர்ந்த காட்சி, அதுவும் இலவசம். முதல் தடவை பார்க்கிறவர் வாயடைத்து நிற்பார்.

ஆனால் ஓய்வு என்ற கணக்கில் நான் இதற்குக் கடைசி இடம்தான் தருவேன். இதை ஒட்டி ஹோட்டல், மாநாட்டு அரங்கு, சூதாட்டக்கூடம் எல்லாம் இருப்பதால், வாரத்தின் எந்த நாளும் இங்கே யாருக்காவது விடுமுறை நாள்தான். புதன்கிழமையின் பலன் இங்கே செல்லாது. கடைகள் பெரும்பாலும் கீழ்த்தளங்களில் உள்ளே பார்த்தபடி இருக்கின்றன. உள்ளே ஒரு மணி நேரம் நடந்தாலும் பக்கத்தில் தண்ணீர் இருப்பதே மறந்துபோகும். தூரமும் அதிகம். பேஃபிரண்ட் நிலையத்தில் இறங்கி நீரோரம் வருவதற்குள் அம்மா இரண்டு முறை உட்கார இடம் தேடினார்.

இதற்கும் ஒரு நல்ல நேரம் உண்டு. கடைகள் திறப்பதற்கு முன், எட்டு எட்டரைக்கு, வெளி நடைபாதையில் ஓடுபவர்களைத் தவிர யாரும் இல்லை. கோபுரங்களின் நிழல் கொஞ்ச நேரம் நடைபாதைமேல் விழுகிறது. அந்த ஒரு மணி நேரத்துக்காக மட்டும் போகலாம்.

காலாங் வேவ்: என் இடம்

ஒரு நியாயமான குறையோடு தொடங்குகிறேன். இங்கே கடைகளுக்குள் நின்று தண்ணீரைப் பார்க்க முடியாது. வெளியே வந்து தேசிய விளையாட்டரங்கத்தைச் சுற்றிச் சில நிமிடம் நடக்க வேண்டும். கடைகளும் பெரிதாக ஈர்க்காது. விளையாட்டுச் சாமான், ஒரு பெரிய பேரங்காடி, சாப்பாட்டுக் கடைகள். துணிமணி வாங்குவதே நோக்கம் என்றால் விவோவுக்குப் போய்விடுங்கள்.

ஆனால் கடைகள் ஈர்க்காததுதான் இந்த இடத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. கடைத்தொகுதியும் அரங்கமும் 2014-ல் ஒன்றாக வந்தவை. அரங்கில் 55,000 பேர் அமரலாம், மேலே 310 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம். இவ்வளவு பெரிய கூட்டத்தைத் தாங்குவதற்காக அகலமான நடைபாதைகள், நிறையக் கழிப்பறைகள், சாய்வுப் பாதைகள் எல்லாம் போட்டு வைத்திருக்கிறார்கள். நிகழ்ச்சி இல்லாத நாளில் அத்தனையும் நமக்கு மட்டும். ஒரு புதன்கிழமை மாலை நாலரைக்கு, அரங்கைச் சுற்றியுள்ள கூரை போட்ட பாதையில் அம்மாவின் கைத்தடிச் சத்தம் எதிரொலித்ததைக் கேட்டுக்கொண்டே நடந்தோம். நகரத்தின் நடுவில் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

1937-லிருந்து 1955 வரை இந்தக் கரையில்தான் காலாங் விமான நிலையம் இருந்தது. கடல் விமானங்கள் இந்தப் படுகையில் இறங்கின. பிறகு 1973-ல் பழைய தேசிய அரங்கம் வந்தது. இத்தனை ஆரவாரம் பார்த்த கரை இப்போது சாயங்காலத்தில் துடுப்புச் சத்தத்தோடு நின்றுவிடுகிறது. டிராகன் படகுக் குழுக்கள் பயிற்சிக்கு வரும். இருபது துடுப்புகள் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் இறங்கும், ஒரே நேரத்தில் மேலே வரும். முன்னால் ஒருவர் எண்ணிக்கை சொல்லும் குரல், தண்ணீர் அசையாமல் இருப்பதால், கரை வரை தெளிவாக வரும். தூரத்தில் சிங்கப்பூர் ராட்டினம், அதற்கும் பின்னால் மரினா கட்டடங்கள். மரினா பே சேண்ட்ஸைப் பார்க்கக்கூட இதுதான் நல்ல இடம் என்பேன். அங்கே நின்றால் கூட்டம்தான் தெரியும், இங்கிருந்து பார்த்தால் கட்டடம் தெரிகிறது.

போகும் முன் அரங்கின் நிகழ்ச்சி நாள்காட்டியைக் கட்டாயம் பாருங்கள். இதை நான் அனுபவத்தில் கற்றேன். கச்சேரி நாள் என்று தெரியாமல் ஒருமுறை போய், ஸ்டேடியம் நிலையத்தின் மின்படியிலேயே திரும்பிவிட்டோம். 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு இரவுகள் பாடினார். அதுபோன்ற வாரங்களில் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

மதிய வெயிலும் இங்கே ஆகாது. அரங்கின் கூரையை விட்டு நீரோரம் வந்தால் நிழல் குறைவு. நாலு மணிக்கு மேல் வந்து, சூரியன் மறையும் வரை இருப்பதுதான் முறை. சிங்கப்பூரில் வருடம் முழுதும் ஏழு மணியை ஒட்டித்தான் அது மறைகிறது என்பதால் திட்டம் போடுவது சுலபம்.

வாட்டர்வே பாயிண்ட்

2016-ல் திறந்தது. சுற்றிலும் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள், இளம் குடும்பங்கள். காலை பதினொன்று வரை நன்றாக இருக்கும். பள்ளி விட்டதும் பிள்ளைகளும் தள்ளுவண்டிகளுமாக நிறைந்துவிடும். சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. தண்ணீரில் விளையாட இடமும் உண்டு, பின்பக்கம் இறங்கினால் கால்வாயோரம் சைக்கிளும் ஓட்டலாம். அம்மா, "நம்ம ஊர் வாய்க்கால் மாதிரி இருக்கு, குளிக்கத்தான் ஆள் இல்ல" என்றார். எங்கள் வீட்டிலிருந்து தூரம் என்பதால் அடிக்கடி போவதில்லை.

சில நடைமுறைக் கணக்குகள்

தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா பக்கம் இருப்பவர்களுக்கு விவோ மிகச் சுலபம்: லிட்டில் இந்தியா நிலையத்தில் வடக்கு கிழக்கு ரயில் பாதையில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட். எதிர்த் திசையில் போனால் அதே பாதை பொங்கோலில் விடும். காலாங்குக்கு வட்டப்பாதை. அங்கிருந்து புரோமனாட் போய் பேஃபிரண்டுக்கு மாறலாம் என்பதால், விருந்தாளி வந்த நாளில் மாலை காலாங், இரவு மரினா ஒளிக்காட்சி என்று இரண்டையும் சேர்த்துவிடலாம்.

காசு செலவழிக்காமல் உட்காருவது முக்கியம். நான்கில் ஓரிடத்தில், நீரோர மேசையில் இரண்டு காப்பி சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். இருபது நிமிடத்தில் பணியாளர் வந்து சாப்பாடு சொல்லப் போகிறீர்களா என்று கேட்டார். அம்மா பாதிக் காப்பியோடு எழுந்துவிட்டார். அன்றிலிருந்து காப்பியைக் கட்டி வாங்கிக்கொண்டு பொது இருக்கைக்குப் போய்விடுவது வழக்கமாகிவிட்டது. இந்த வகையில் காலாங்கும் விவோவின் கீழ்த்தளமும் நிம்மதியானவை. கட்டி வாங்கிய காப்பியோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். மைனாக்கள் மட்டும் பக்கத்தில் வந்து நிற்கும், பிஸ்கட் உறையைத் திறந்து வைக்காதீர்கள்.

மழைக்கு விவோவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, எம்ஆர்டியிலிருந்து ஒரு சொட்டு நனையாமல் உள்ளே வந்துவிடலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை பிற்பகல் மழை அடிக்கடி வரும் என்பதால் அந்த மாதங்களில் காலாங் மாலைகளை நான் குறைத்துக்கொள்வேன்.

நேற்று ராத்திரி, "அடுத்த புதன் எங்கேம்மா போகலாம்?" என்று கேட்டேன். நிகழ்ச்சி நாள்காட்டியில் அன்றைக்கு ஒன்றும் இல்லை. காலாங் என்று சொல்வார் என்ற ஆசை எனக்கு. "அந்த அலை தட்டுற இடம்" என்றார். சரி, பத்து மணிக்கு விவோ. மதியம் அவர் வீட்டில் தூங்கியதும், மாலை நான் மட்டும் காலாங் போய்விட்டு வருவேன்.