கூகுள் காலண்டர், அவுட்லுக் ரெண்டையும் சேர்த்து ஓட்டுவது: ஷேரிங் அருமை, சிங்க் தலைவலி

எங்கள் கம்பெனியில் கூகுள் வொர்க்ஸ்பேஸ் (கம்பெனிகளுக்கான கூகுளின் மெயில், காலண்டர் தொகுப்பு). கிளையண்ட் நியூயார்க்கில், அவர்கள் கொடுத்திருக்கும் மெயில் ஐடி மைக்ரோசாஃப்ட்டின் அவுட்லுக்கில். ஆக ஆளுக்கு ரெண்டு காலண்டர். சென்னை, கோவை ஐடி பக்கம் நிறையப் பேருக்கு இதே கதைதான். டீமின் காலண்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்திருப்பதால், ரெண்டையும் தினமும் நோண்டிக்கொண்டிருக்கிற ஆளாக இதை எழுதுகிறேன்.

முதலில் ஷேரிங். கூகுளில் நாலு படி: நீங்கள் பிஸியா ஃப்ரீயா என்பது மட்டும் தெரிவது, முழு விவரமும் பார்ப்பது, மாற்றம் செய்வது, மாற்றத்தோடு அடுத்தவருக்கு ஷேர் செய்யும் உரிமையும் சேர்ந்தது. பெரும்பாலான டீமுக்கு இது போதும். மூன்றாவது படியைக் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் யோசியுங்கள், ஏனென்றால் நீங்கள் பிரைவேட் என்று குறித்து வைத்திருப்பதும் அந்த ஆளுக்கு முழுசாகத் தெரியும், டிராஷில் கிடப்பதை நிரந்தரமாக அழிக்கவும் அவரால் முடியும். டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை பிரைவேட்டில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறவர், போன வருஷமே டீம் லீடுக்கு எடிட் உரிமை கொடுத்ததை மறந்திருப்பார். போய் ஒருமுறை செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள், ப்ராஜெக்ட் மாறிப் போனவர் பெயரெல்லாம் அங்கே இருக்கும்.

இந்த ஒரு விஷயத்தில் அவுட்லுக் மேல். தலைப்பும் இடமும் மட்டும் தெரிகிற மாதிரி நடுவில் ஒரு படி வைத்திருக்கிறார்கள், அது ரொம்பவே உபயோகம். அப்புறம் டெலிகேட் என்று தனியாக ஒன்று உண்டு. மேனேஜருக்கு வரும் இன்வைட்டுக்கு அவர் சார்பில் செக்ரட்டரியே பதில் அனுப்பலாம், பிரைவேட் சமாச்சாரத்தை அந்த டெலிகேட் பார்க்கலாமா கூடாதா என்பதையும் தனியாக டிக் செய்து சொல்லிவிடலாம். பெரிய அதிகாரிகளின் நாட்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவுட்லுக்கை விட்டு நகர மறுப்பதற்கு இது நியாயமான காரணம்.

வெளி ஆளுக்கு ஷேர் செய்யப் போனால் விவரம் காட்டும் ஆப்ஷனைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்று என்னிடம் வருகிறவர்கள் அதிகம். அது பழுது இல்லை. வொர்க்ஸ்பேஸ் அட்மின் கம்பெனிக்கு வெளியே எவ்வளவு தெரியலாம் என்று ஒரு உச்சவரம்பு வைத்திருப்பார், அதற்கு மேல் உங்களால் போக முடியாது. பிஸி ஃப்ரீ மட்டும் என்று அவர் வைத்திருந்தால் அவ்வளவுதான், அவரிடம் போய்த்தான் பேச வேண்டும்.

இனி சிங்க், அதாவது ஒரு காலண்டரில் மாறுவது மற்றதிலும் தானாக மாறுவது. ஒரு காலண்டரின் ஐசிஎஸ் லிங்க்கை (அந்தக் காலண்டரை வேறு ஆப்பில் காட்ட உதவும் இணைய முகவரி) எடுத்து இன்னொன்றில் ஒட்டினால் வேலை முடிந்தது என்று பல வீடியோக்களில் சொல்கிறார்கள். சரி, ஒட்டலாம், எல்லாம் தெரியவும் செய்யும். ஆனால் அது சிங்க்கே இல்லை, காலைப் பேப்பர் மாதிரி: அச்சான பிறகு நடந்தது அடுத்த பதிப்பில்தான். கூகுளில் இப்படிச் சேர்த்த காலண்டரில் மாற்றம் தெரிய 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று அவர்கள் உதவிப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். அவுட்லுக் டாட் காமில் 24 மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். மத்தியானம் 3 மணிக்கு கேன்சலான மீட்டிங் 6:30-க்கும் காலண்டரில் அப்படியே உட்கார்ந்திருக்கும். வெறும் பார்வைக்கு மட்டும்தான், அங்கிருந்து எதையும் மாற்றவும் முடியாது. இந்த லிங்க்குக்கு அடிப்படையான, 1998-ல் வந்த ஐகாலண்டர் வடிவத்தை வைத்துக்கொண்டு இன்னும் இப்படி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இன்னொன்று, கூகுளில் இருக்கும் ரகசிய ஐகால் முகவரி (அதுவும் ஐசிஎஸ் லிங்க்தான்) யார் கையில் கிடைத்தாலும் உங்கள் காலண்டர் முழுக்கத் தெரியும், லாகின்கூடக் கேட்காது. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தால் இப்போதே ரீசெட் செய்துவிடுங்கள்.

ஐபோன்காரர்களுக்குத் தனியாக ஒரு வரி: ஆப்பிளின் காலண்டர் ஆப்பில் கூகுள் கணக்கைச் சேர்த்த பிறகும் மற்றவர் ஷேர் செய்த காலண்டர் வரவில்லையென்றால், பிரவுசரில் கூகுள் காலண்டர் முகவரியோடு சிங்க்செலக்ட் (syncselect) என்று சேர்த்துத் திறந்தால் ஒரு பக்கம் வரும், அங்கே டிக் செய்ய வேண்டும். இதை ஏன் இப்படி ஒளித்து வைத்தார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

கையாலேயே காப்பி செய்துகொள்கிறேன் என்பவர்கள் மார்ச் மாதம் மாட்டுவார்கள். நியூயார்க்கில் காலை 9 மணி மீட்டிங் குளிர்காலத்தில் நமக்கு இரவு 7:30. மார்ச் இரண்டாவது ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை மாற்றியதும் அது 6:30 ஆகிவிடும். கிளையண்ட் அனுப்பிய இன்வைட் தானாக நகரும், நீங்கள் இந்திய நேரத்தில் போட்டு வைத்த காப்பி நகராது. நவம்பர் முதல் ஞாயிறன்று இதே கூத்து தலைகீழாக.

காசு கட்டி வாங்கும் சிங்க் சேவைகளும் இருக்கின்றன. நாங்கள் எடுத்துப் பார்த்த ஒன்று (பெயர் வேண்டாம்) ஒரு பக்க மீட்டிங்கை மறுபக்கம் பிஸி என்று மட்டும் கட்டம் போட்டுக் காட்டும், அதுவும் உடனுக்குடன். அதுவரை சந்தோஷம்தான். வாராவாரம் வரும் மீட்டிங்கில் ஒரே ஒரு வாரத்தை மட்டும் நகர்த்தினால் புதுக் கட்டம் வந்தது, பழைய கட்டமும் போகாமல் நின்றது. தவிர, இந்தச் சேவைகள் காலண்டரைப் படிக்கவும் எழுதவும் உரிமை கேட்கும், கிளையண்ட் கணக்கில் அனுமதி வாங்காமல் அதைக் கொடுத்தால் செக்யூரிட்டி டீம் கூப்பிட்டு விசாரிக்கும்.

என் மார்க்: ஷேரிங்குக்கு கூகுள் 5-க்கு 4, அவுட்லுக் 4.5. லிங்க் வழி சிங்க்குக்கு ரெண்டு பேருக்கும் 1.5, அதுவே தாராளம். ஒரே கம்பெனிக்குள் சிலர் கூகுள், சிலர் எக்ஸ்சேஞ்ச் (அவுட்லுக்குக்குப் பின்னால் ஓடும் மைக்ரோசாஃப்ட் சர்வர்) என்று இருந்தால் மட்டும் லிங்க் பக்கமே போகாதீர்கள், காலண்டர் இன்டராப் என்று கூகுளிலேயே ஒரு வசதி இருக்கிறது, ரெண்டு பக்க அட்மினும் உட்கார்ந்து அமைத்துவிட்டால் யார் எப்போது பிஸி என்பது இரு பக்கமும் தெரியும். எங்களை மாதிரி ரெண்டு கம்பெனி என்றால், இப்போதைக்கு கிளையண்ட் மீட்டிங் எல்லாவற்றுக்கும் கம்பெனி ஐடியையும் சேர்த்து இன்வைட் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பாதிப் பேர் போடுகிறார்கள்.