ரத்தான வழக்கைக் காட்டி 37,000 ரூபாய் பறித்த வீட்டுப் புரோக்கர்

எப்போதோ ஒரு வழக்கில் பெயர் சேர்ந்து, அது ரத்தாகி வெளியே வந்தவர்கள் சென்னையில் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். போன மாதம் வேளச்சேரியில் எனக்கு நடந்தது.

முதலில் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். 2019 ஜூன். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாமே வறண்டு கிடந்த நேரம். எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி வந்தபோது வரிசையில் தகராறு. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் அம்மாவின் குடத்தைத் தள்ளிவிட்டார், நான் அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் கீழே விழுந்து முழங்கையில் அடி. ஐபிசி 294(பி), 323, 506(1), அதாவது ஆபாசமாகத் திட்டினேன், காயப்படுத்தினேன், மிரட்டினேன் என்று எஃப்ஐஆர் போட்டார்கள். தெருச்சண்டை என்று ஸ்டேஷனுக்குப் போனவர்களுக்கு இந்த மூன்று பிரிவும் நன்றாகத் தெரிந்திருக்கும். பிறகு இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். சமாதானமாகி, உயர் நீதிமன்றத்தில், வழக்கை ரத்து செய்யக் கேட்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482-ன் கீழ் மனுப் போட்டு, 2021-ல் எஃப்ஐஆர் ரத்தானது. (2024 ஜூலையிலிருந்து அதே அதிகாரம், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் 528-ல் இருக்கிறது.) எனக்குத் தண்டனை இல்லை. வழக்கு விசாரணைக்கே வரவில்லை.

வீடு இரண்டாவது மாடி, வாடகை 22,000. என் மனைவிக்கு அந்தச் சமையலறை ஜன்னல் ரொம்பப் பிடித்துவிட்டது. மகளின் பள்ளியும் நடக்கிற தூரம். புரோக்கர், "சார், நாளைக்கே வேற பார்ட்டி வர்றாங்க, டோக்கன் போட்டுடுங்க" என்றார். அவருடைய ஜிபே நம்பருக்கே 25,000 அனுப்பினேன். 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பதைப் படித்துவிட்டுப் போயிருந்தேன். அட்வான்ஸைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததில் டோக்கனுக்கு ஒரு துண்டுச்சீட்டுகூட வாங்கவில்லை.

மூன்றாம் நாள் போன். "சார், உங்க பேர்ல கேஸ் இருக்காமே? ஓனர் பயந்துட்டாரு."

எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது ரத்தாகிவிட்டது அண்ணே, ஆர்டர் கையில் இருக்கிறது, கொண்டுவந்து காட்டுகிறேன் என்றேன். அவர் கேட்கவே இல்லை. "ஆர்டர் எல்லாம் கோர்ட்டுக்கு சார். ஸ்டேஷன்ல வெரிஃபிகேஷன் போட்டா கேஸ்னுதான் வரும். நமக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காரு, பன்னெண்டாயிரம் குடுத்தா பேரை எடுத்துடுவாரு. ஓனர்கிட்ட மட்டும் நேரா போயிடாதீங்க, காரியம் கெட்டுடும்."

அந்தக் கடைசி வரியிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் வேளச்சேரி ஓனர்கள் போலீஸ் வெரிஃபிகேஷன் என்றால் கண்டிப்பாக இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். 2012 பிப்ரவரியில் வங்கிக் கொள்ளையர்கள் என்று ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது இங்கே ஒரு வாடகை வீட்டில்தான். அதற்குப் பிறகு குடித்தனக்காரர் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்று கமிஷனர் உத்தரவே போட்டார். அதனால் அவர் சொன்னதை நம்பி 12,000 ரொக்கமாகக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து வாட்ஸாப்பில் ஏதோ ஒரு காகிதத்தின் போட்டோ வந்தது. முத்திரை மங்கல், தேதி இல்லை. அதற்கடுத்து "ஓனர் ஒத்துக்கல சார், டோக்கன் திரும்ப வராது" என்று ஒரு செய்தி. அப்புறம் போனையே எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு நேராக ஓனர் வீட்டுக்குப் போய்விட்டேன். எழுபது வயதுப் பெரியவர். கதவைத் திறந்ததுமே, "நீங்கதானே தம்பி வேணாம்னு சொல்லிட்டீங்களாம்?" என்றார். டோக்கன் அவர் கைக்குப் போகவே இல்லை. வழக்கு விஷயமும் தெரியாது. என் பெயரைத் தேடிப் பார்த்தவர் புரோக்கர்தான். ஆர்டர் நகலை நீட்டினேன், கண்ணாடி போட்டு முழுதும் படித்துவிட்டு, "முதல்லயே எங்கிட்ட வந்திருக்கலாமேப்பா" என்றார். வீடு அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. படி இறங்கும்வரை மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை.

பெயரைப் போட்டுத் தேடினால் கண்ணில் படுவது எது தெரியுமா? என்னை விடுவித்த அந்த ரத்து ஆர்டரேதான். இ-கோர்ட்ஸ் தளத்தில் மனுதாரர் பெயரை வைத்தே தேடலாம். எஃப்ஐஆர்களை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விடுதலையானவரின் பெயரைத் தீர்ப்பில் மறைக்க முடியுமா என்ற கேள்வியும் இன்னும் இழுபறிதான். நம் உயர் நீதிமன்றத்தில் 2021-ல் தனி நீதிபதி மறுத்தார், 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு மறைக்கச் சொன்னது, அதே வருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. நிலைமை இப்படி இருக்கும்போது எந்தப் புரோக்கரும் பன்னிரண்டாயிரத்துக்குப் பெயரை அழிக்க முடியாது. அப்படிச் சொல்கிறவர் ஏமாற்றுகிறார்.

ரத்து ஆர்டரின் சான்றிட்ட நகலை எடுத்துக்கொண்டு, எஃப்ஐஆர் போட்ட ஸ்டேஷனுக்கு நானே போனேன். ரைட்டர் பதிவேட்டைப் புரட்டினார். ஆர்டர் அங்கே வந்து சேரவே இல்லை, வழக்கு அப்படியே கிடந்தது. எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நகலை இணைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினேன். செலவு ஜெராக்ஸுக்கு ஆனதுதான். வழக்கு ரத்தானதும் வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். நான் அப்படி இருந்ததால்தான் அந்த ஆளின் பேச்சு என்னிடம் எடுபட்டது.

இப்போது மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். வீடு பார்த்த அன்றே ஓனர் அம்மாவிடம் ஃபைலைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். இரண்டு நாள் யோசித்தார், சரி என்றார். டோக்கன் அவர் வங்கிக் கணக்குக்கே போனது, ரசீதும் கொடுத்தார். அதற்கு முன் இரண்டு வீட்டில் வழக்கு என்றதுமே முடியாது என்றார்கள். வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் காசு போகவில்லை.

புரோக்கர்மேல் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் தருவது) வாங்கியிருக்கிறேன். ஜிபே பதிவும் அந்தப் போலிக் காகிதமும் இணைத்தேன். ஸ்டேஷனில் கூப்பிட்டு விசாரித்ததும் பத்தாயிரம் கொடுத்தார். மீதி 27,000 பாக்கி. ரொக்கமாகக் கொடுத்த பன்னிரண்டாயிரத்தை வாங்கவே இல்லை என்று சாதிக்கிறார். திங்கட்கிழமை மறுபடியும் வரச்சொல்லியிருக்கிறார்கள், போகிறேன்.