இறால் தொட்டிக்கு ஏடிஏ அமேசோனியா மண்: யாருக்குப் பொருந்தும்?

ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த ஏடிஏ நிறுவனத்தின் அக்வா சாயில் அமேசோனியா, நீர்த்தாவரத் தொட்டிகளுக்காகத் தயாரிக்கப்படும் மண். ஆனாலும் கிரிஸ்டல் ரெட் போன்ற பீ (Bee) வகை நன்னீர் இறால்களை வளர்ப்பவர்கள் பலரும் இதை விரும்பி வாங்குகிறார்கள். செடிகளுக்கு அது தரும் சத்தைவிட, தண்ணீரை அது மாற்றியமைக்கும் விதமே அவர்களுக்கு முக்கியம்.

சூட்டில் இறுக்கிக் குருணையாக்கிய இந்தக் கறுப்பு மண், நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகளை ஈர்த்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனிகளை வெளிவிடுகிறது. அவை பைகார்பனேட்டுடன் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை உண்டாக்குவதால், கேஎச் (நீரின் கார்பனேட் கடினத்தன்மை) ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கி, பிஎச் 6 முதல் 6.8 வரையிலான அளவில் நிலைகொள்கிறது. பீ இறால்களுக்கு வேண்டியதும் இதுதான். கூடவே ஜிஎச் (கால்சியம், மக்னீசியம் தரும் மொத்தக் கடினத்தன்மை) 4 முதல் 6 வரையும், டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு) 100 முதல் 150 வரையும் இருந்தால் போதும். இந்த வேலையைப் பொறுத்தவரை மண்ணைக் குறை சொல்ல இடமில்லை.

சிக்கல், நாம் ஊற்றும் தண்ணீரில் இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் காரத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது; மீன் தொட்டிக்காரர்களின் கணக்கில் அது கேஎச் 11-ஐத் தாண்டும். பல வீடுகளின் போர் தண்ணீர் அதைவிடவும் கடினமானது. அத்தகைய நீரை வாராவாரம் மாற்றினால், ஒவ்வொரு முறையும் மண்ணின் திறன் கரைந்து, உப்புகளை வடிகட்டி நீக்கிய ஆர்ஓ நீரில் ஓராண்டுக்கு மேல் உழைக்கக்கூடிய பை வெகு சீக்கிரமே சாதாரணக் கறுப்புக் குருணையாகிவிடும். ஆகவே ஆர்ஓ நீரும், அதில் கலக்க ஜிஎச்சை மட்டும் உயர்த்தும் தாது உப்பும் இல்லாமல் இம்மண்ணை வாங்குவது வீண் செலவு. உப்பு வாங்கும்போது டப்பாவைக் கவனித்துப் படிப்பது நல்லது. கேஎச்சையும் சேர்த்து உயர்த்தும் வகையை எடுத்துவிட்டால், மண் இறக்குவதை உப்பு ஏற்றிக்கொண்டே இருக்கும்.

புதிய மண் முதல் சில வாரங்களில் அம்மோனியாவை வெளிவிடும். பிஎச் 7-க்குக் கீழே இருக்கும்வரை அதில் பெரும்பகுதி நச்சு குறைந்த அம்மோனியமாகவே இருப்பதால், தொட்டி பார்வைக்கு அமைதியாகத் தெரியும். அந்நிலையில் கடின நீரை ஊற்றி பிஎச்சை உயர்த்தினால், அதே அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறி இறால்களைக் கொல்லும். சோதனைக் குப்பியில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டும்வரை, ஒரு மாதத்துக்கு மேல் ஆனாலும், இறாலை விடக் கூடாது. மண்ணை அலசவும் கூடாது. நனைந்த குருணை விரலால் அழுத்தினாலே சேறாகிவிடும். சாதாரணக் குருணை, பவுடர் என இரு அளவுகளில் இது கிடைக்கிறது. இறால் தொட்டிக்குப் பவுடரே மேல். இட்ட தீனி இடுக்குகளில் இறங்கி அழுகாமல் மேலேயே தங்கும்.

செர்ரி இறால் வளர்ப்பவர்களுக்கு இந்த மண் தேவையே இல்லை. பிஎச் 7 முதல் 7.8, கேஎச் 2 முதல் 8 என்ற நீரில் அவை செழித்துப் பெருகும். நன்கு கழுவிய ஆற்று மணல் போதும். செர்ரி இறாலோடு விலையுயர்ந்த மண்ணையும் சேர்த்துக் கட்டிக்கொடுக்கும் கடைக்காரர்கள் உண்டு. அவர்கள் வளர்ப்பது வியாபாரத்தை மட்டுமே.

இரண்டடி நீளம், ஓரடி அகலம் கொண்ட தொட்டியில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்ப ஏறத்தாழ ஒரு 9 லிட்டர் பை செலவாகும். தண்ணீர் மாற்றிய பின் உயரும் பிஎச் மறுபடி இறங்காமல் நின்றால், மண்ணின் ஆயுள் முடிந்தது என்று பொருள். இறால்கள் இருக்கும் தொட்டியிலேயே புது மண்ணைக் கொட்டினால் மீண்டும் அம்மோனியாதான். வேறொரு தொட்டியில் அதைப் பக்குவப்படுத்தி, இறால்களைச் சொட்டுச் சொட்டாகப் புது நீருக்குப் பழக்கி அங்கே மாற்ற வேண்டியிருக்கும். அந்த இரண்டாவது பைக்கும் தொட்டிக்கும் ஆகும் செலவையும் சேர்த்தே வாங்குபவர் கணக்கிட வேண்டும்.