லெவினா, ஆக்டனா: கவுன்சலர் எந்தப் பயிற்சிக்குப் போவது?

காரைக்குடிப் பக்கம் கவுன்சலிங்குக்கு வருகிற ஆச்சிகள் "மனசு சரியில்லை" என்று ஆரம்பிப்பது குறைவு. நெஞ்சு படபடங்குது, அடிவயித்தைப் பிசையுது என்றுதான் சொல்வார்கள். அதனால் உடம்பின் உணர்வுகள் வழியாக மனக்காயத்தை ஆற்றும் உடல்வழிச் சிகிச்சை கற்கலாம் என்று கிளம்பினால் முன்னால் நிற்பவை இரண்டு: பீட்டர் லெவினின் சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங், பாட் ஆக்டனின் சென்சரிமோட்டார் சைக்கோதெரபி.

லெவின் முறையில் நடந்த கதையை முழுக்கச் சொல்ல வைப்பதில்லை. பயத்தின் ஓரத்தைக் கொஞ்சம் தொட்டு, உடனே உடம்பில் நிம்மதியாக இருக்கும் இடத்துக்குக் கவனத்தைத் திருப்பி, மறுபடி தொட்டு, இப்படிப் போய்வந்தே இறுக்கத்தைத் தளர்த்துவார்கள். பயிற்சி சுமார் மூன்று வருடம். நர்ஸ், பிசியோதெரபிஸ்ட்கூடச் சேரலாம். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்களில் 150 பேரிடம் செய்துபார்த்து 2008இல் ஆய்வும் வெளியிட்டார்கள். பலன் தெரிந்ததாம்; ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத குழு இல்லை, அதனால் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட மாட்டேன்.

ஆக்டன் முறை பேச்சையும் விடாது. குறுகிய தோள், பாதியில் நின்றுபோன "வேண்டாம்" என்கிற கையசைவு, இவற்றைக் கவனித்து மெதுவாகச் செய்து முடிக்க வைப்பார்கள். சிறுவயது உறவுக் காயங்களுக்குத் தனிப் பகுதியே உண்டு. மனநலத் துறையினருக்கானது.

நான் கவுன்சலராக இருந்தால் ஆக்டன்தான். இங்கே வருகிற சிக்கலில் பாதி ஏதோ ஒரு விபத்தால் வந்ததில்லை, வீட்டு வளவுக்குள் வருடக்கணக்காக அடக்கி வைத்தது. அப்புறம், எதில் சேர்ந்தாலும் மதமதப்பு, குறுகுறுப்பு, விறைப்பு என்று நம்மூர்ச் சொற்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள்.